பழைய ஒளிப்படங்களில் பறக்கும் படகுகளை இனங்காண்பது எப்படி

பறக்கும் படகு என்பது அடிவயிறே படகாக அமைந்து நீரில் இறங்கும் விமானம். பிரித்தானியாவின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காக ஷார்ட் பிரதர்ஸ் 1936 முதல் கட்டித் தந்த எம்பயர் வகைப் பறக்கும் படகுகள் மொத்தம் 42. அவற்றில் ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. பசிபிக் பெருங்கடலைக் கடந்து அஞ்சல் கொண்டுசென்ற மார்ட்டின் எம்-130 விமானங்கள் மூன்றும் போய்விட்டன. போயிங் 314 வகையில் கட்டப்பட்ட பன்னிரண்டும் போய்விட்டன. சில நீரில் இறங்கும்போது உடைந்தன, சில போரில் எரிந்தன, மிஞ்சியவற்றை உலோகத்துக்காக வெட்டி விற்றார்கள். ஆகவே இந்த விமானங்களைப் பொறுத்தவரை ஒளிப்படம் என்பது வெறும் நினைவுப்பொருள் அல்ல. வரைபடங்களுக்கும் பயணக் குறிப்பேடுகளுக்கும் அடுத்தபடியாக நமக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று அதுதான். அந்தச் சான்றின் பின்புறத்தில் தவறான பெயரை எழுதி வைத்தால், அந்தத் தவறு படத்தைவிட நீண்ட நாள் வாழும்.

நம் பக்கத்து வீடுகளிலும் இத்தகைய படங்கள் கிடைக்க இடமுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தில் உள்ள புழல் ஏரி, ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்ற பெயரில் பிரித்தானிய விமானப்படையின் பறக்கும் படகுத் தளமாக இருந்தது. இலங்கையில் காலிக்கு அருகே உள்ள கொக்கல வாவியும், திருகோணமலையின் சீனக்குடாவும் அதே பணியைச் செய்தன. அந்தத் தளங்களில் பணியாற்றியவர்களின் ஆல்பங்களிலிருந்து, நீரில் மிதக்கும் ஒரு விமானத்தின் மங்கலான படம் கைக்கு வரும்போது அதை எப்படிப் படிப்பது என்பதையே இங்கே சொல்ல முனைகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒரு வேண்டுகோள். படத்தின் பின்புறம் எழுதியிருப்பதை முதலில் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் அதையே தேடும். படத்தின் இரு பக்கங்களையும் அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, பின்பக்கத்தை மூடி வைத்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் ஏதேனும் தெரிந்தால் அவை நேராக இருக்கின்றனவா, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். நெகடிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட படங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அஞ்சலட்டையாக இருந்தால், அது ஒளிப்படம்தானா அல்லது ஓவியர் கைவைத்து விளிம்புகளைத் தீட்டிய படமா என்பதையும் பார்க்க வேண்டும்.

நீரைத் தொடும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

பலரும் என்ஜின்களை எண்ணுவதில் தொடங்குகிறார்கள். அது இரண்டாம் வேலை. விமானம் நீரின்மேல் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதே முதல் கேள்வி. உடலின் அடிவயிறே படகுபோல நீரில் அமிழ்ந்திருந்தால் அது பறக்கும் படகு. உடல் நீருக்கு மேலே நிற்க, கீழே கால்கள்போல இரண்டு நீண்ட மிதவைகள் அதைத் தாங்கினால் அது மிதவை விமானம். ஆங்கிலத்தில் இரண்டையும் ‘சீபிளேன்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதுண்டு என்பதால், பழைய குறிப்புகளில் அந்தச் சொல்லைக் கண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

விமானம் கரையேறி நிற்கும் படமாகவோ வானில் பறக்கும் படமாகவோ இருந்தால், அடிவயிற்றின் நடுப்பகுதியில் ஒரு வெட்டுப்போன்ற ‘படி’ தெரிகிறதா என்று பாருங்கள். நீர் வளைந்த பரப்பை ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. வேகமெடுக்கும் விமானத்தின் அடிவயிறு முழுவதும் ஒரே வளைவாக இருந்தால் நீர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். படி இருந்தால் அந்த இடத்தில் நீர்ப்படலம் அறுந்து காற்று உள்ளே புகும், விமானம் படியின் முனையில் சறுக்கி எழும்பும். அமெரிக்கரான கிளென் கர்ட்டிஸ் 1912-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் படியைத் தம் பறக்கும் படகுகளில் பயன்படுத்தி வெற்றி கண்டார். சாதாரண விமானம் ஒன்று கடலில் அவசரமாக இறங்கி மிதப்பதைப் பறக்கும் படகு என்று நினைத்துக் குழம்புவோருக்கு இந்தப் படியே தீர்ப்புச் சொல்லும்.

அடுத்து, அது கவிழாமல் இருக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒற்றை உடலில் மிதக்கும் விமானம் காற்றடித்தால் ஒரு பக்கம் சாயும். அதைத் தடுக்க இரண்டு பெரிய வழிகள் இருந்தன. ஒன்று, இரு இறக்கைகளுக்கும் கீழே சிறு பக்க மிதவைகளைத் தொங்கவிடுவது. மற்றது, உடலின் இருபுறமும் நீர்மட்டத்தை ஒட்டிக் குட்டை இறக்கைகளை நீட்டுவது. இந்த இரண்டாம் வழியை ஜெர்மானியரான கிளாடியஸ் டோர்னியர் பெரிதும் விரும்பினார். 1922-இல் முதன்முதலாகப் பறந்த டோர்னியர் வால் விமானத்திலும், பிறகு டோர்னியர் எக்ஸ் என்ற பேருருவிலும், மூன்று என்ஜின்கள் கொண்ட டோர்னியர் 24 விமானத்திலும் இதைக் காணலாம். அமெரிக்காவில் மார்ட்டின் எம்-130, போயிங் 314 ஆகியவை இதே முறையைப் பின்பற்றின. குட்டை இறக்கைகள் தெரிந்தால் பிரித்தானியப் பறக்கும் படகுகளில் பெரும்பாலானவற்றைப் பட்டியலிலிருந்து அப்போதே நீக்கிவிடலாம். பயணிகள் அந்தக் குட்டை இறக்கையின்மேல் நடந்து கதவுக்குள் நுழையும் காட்சி போயிங் 314 படங்களில் அடிக்கடி வரும். அது மேடை அல்ல, விமானத்தின் ஓர் உறுப்பு.

இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உண்டு. இத்தாலியின் சவோயா-மார்கெட்டி எஸ்.55 விமானத்துக்கு இரண்டு படகுடல்கள் அருகருகே இருந்தன. விமானி அவற்றை இணைக்கும் தடித்த இறக்கையின் நடுவில் அமர்ந்தார். அந்நாட்டு விமானத்துறை அமைச்சர் இத்தாலோ பால்போ 1933-இல் இத்தகைய 24 விமானங்களை ஓர் அணியாக ஓர்பெத்தெல்லோவிலிருந்து சிகாகோ வரை நடத்திச் சென்றார். இந்த அமைப்பை ஆங்கிலத்தில் ‘காட்டமரான்’ என்பார்கள். சொல் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. நம் கட்டுமரம் அடுக்கிக் கட்டிய மரத்துண்டுகளே தவிர இரட்டைப் படகு அல்ல என்றாலும், அந்தப் பெயர் வானம்வரை போயிருப்பதைக் குறிப்பிடாமல் கடக்க மனம் வரவில்லை.

சக்கரங்களை நம்பாதீர்கள்

கரையில் சக்கரங்களோடு நிற்கும் பறக்கும் படகைக் கண்டதும், ‘இது தரையிலும் இறங்கும் வகை’ என்று எழுதிவிடுவதே நான் மிகுதியாகக் கண்ட பிழை. பெரும்பாலான பறக்கும் படகுகளைப் பழுதுபார்க்கக் கரையேற்றும்போது, ஆட்கள் நீரில் இறங்கி, உடலின் இருபுறமும் வாலுக்கு அடியிலும் கழற்றி மாட்டக்கூடிய சக்கரத் தொகுதிகளைப் பொருத்துவார்கள். பிறகு சரிவுத்தளத்தின் வழியாக டிராக்டர் இழுத்து மேலேற்றும். வேலை முடிந்ததும் விமானத்தை நீரில் இறக்கிச் சக்கரங்களைக் கழற்றிவிடுவார்கள். அந்தச் சக்கரங்களோடு அது ஒருபோதும் பறக்காது. ஆகவே சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் உடலுக்கு வெளியே பொருத்தப்பட்டவையா, உடலுக்குள் மடங்குபவையா என்று பாருங்கள். அருகில் சேறு படிந்த சரிவுத்தளமும் இடுப்பளவு நீரில் நிற்கும் ஆட்களும் இருந்தால் அவை கழற்றும் சக்கரங்கள் என்றே கொள்ளலாம்.

கேட்டலினா என்ற அமெரிக்கப் பறக்கும் படகில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். அதன் பிபிஒய்-5 வகைக்குச் சொந்தச் சக்கரம் கிடையாது. பிபிஒய்-5ஏ வகைக்கு உண்டு. அதன் முதன்மைச் சக்கரங்கள் உடலின் பக்கவாட்டில் மேல்நோக்கி மடங்கிப் பள்ளத்தில் அமரும். எனவே நீரில் மிதக்கும் கேட்டலினாவின் விலாவில் வட்டமாக ஒரு சக்கரம் பதிந்திருப்பது தெரிந்தால் அது பிபிஒய்-5ஏ அல்லது அதற்குப் பின்வந்த சக்கரமுள்ள வகை. அந்த இடம் வழுவழுப்பாக இருந்தால் அது படகு மட்டுமே.

இறக்கை, என்ஜின், வால்

இனி இறக்கை உடலோடு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். நீர்த்துளிகள் புரொப்பெல்லரைத் தாக்கினால் அதன் விளிம்பு அரிக்கப்பட்டுவிடும் என்பதால், பறக்கும் படகை வடிவமைத்த ஒவ்வொருவரும் என்ஜின்களை உயரத்தில் வைக்க வழி தேடினார்கள். அந்தத் தேடலுக்கு ஒவ்வொருவரும் கண்ட விடையே அவரவர் விமானத்தின் முகம்.

கேட்டலினாவில் 31.7 மீட்டர் நீளமுள்ள ஒற்றை இறக்கை, உடலுக்கு மேலே ஒரு தடித்த தூணின்மேல் அமர்ந்திருக்கும். இரு என்ஜின்களும் அந்தத் தூணுக்கு நெருக்கமாக இருக்கும். என்ஜின்களைக் கண்காணிக்கும் பொறியாளர் அந்தத் தூணுக்குள்ளேயே அமர்ந்திருந்தார். நல்ல படத்தில் தூணின் பக்கவாட்டுச் சிறு ஜன்னல்கூடத் தெரியும். பக்க மிதவைகள் பறக்கும்போது வெளிப்புறமாக மடங்கி இறக்கையின் நுனியாகவே மாறிவிடும் என்பதால், வானில் பறக்கும் படத்தில் மிதவைகளைக் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம். உடலின் பின்பாதியில் இருபுறமும் பெரிய கண்ணாடிக் கொப்புளங்கள் இருந்தால் ஐயமே இல்லை. அவை இல்லாமல் தட்டையான கதவுகள் இருந்தால், அது 1935-இல் முதன்முதலாகப் பறந்த இந்தக் குடும்பத்தின் தொடக்ககால வகைகளில் ஒன்று.

கேட்டலினாவோடு குழப்பிக்கொள்ளத் தக்கவை சில உண்டு. மார்ட்டின் மரைனருக்கும் இரண்டே என்ஜின்கள். ஆனால் அதன் இறக்கை கடற்காகத்தின் இறக்கைபோல் தோளில் எழும்பிப் பிறகு மடங்கும், இரட்டை வால்களும் உட்புறமாகச் சாய்ந்திருக்கும். கேட்டலினாவைக் கட்டிய கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் கரோனாடோவிலும் மிதவைகள் இறக்கை நுனியில் மடங்கும், ஆனால் என்ஜின்கள் நான்கு, வால்கள் இரண்டு. ஜப்பானின் கவானிஷி எச்6கே விமானத்துக்கும் உயர்த்திய இறக்கையும் இரட்டை வாலும் நான்கு என்ஜின்களும் இருந்தன.

நான்கு என்ஜின்கள், தோளில் நேரடியாக இணைந்த இறக்கை, இரண்டு அடுக்கு வீடுபோல ஆழமான உடல், அசையாத பக்க மிதவைகள், ஒற்றை வால்: இவை ஐந்தும் சேர்ந்து தெரிந்தால் ஷார்ட் பிரதர்ஸ் குடும்பத்துக்குள் வந்துவிட்டீர்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். பயணிகளுக்காகக் கட்டிய எம்பயர் விமானமும், போருக்காகக் கட்டிய சண்டர்லாந்தும் தூரத்திலிருந்து பார்க்க உடன்பிறந்தவர்கள்போல இருக்கும். எம்பயரின் மூக்கு வழுவழுப்பாக உருண்டிருக்கும். வால்முனை கூராக முடியும். 1937 அக்டோபரில் முதன்முதலாகப் பறந்த சண்டர்லாந்தின் மூக்கிலும் வால்முனையிலும் கண்ணாடி பதித்த துப்பாக்கிக் கூண்டுகள் இருக்கும். வால்முனைக் கூண்டின் எடையால் எடைமையம் பின்னுக்குப் போனதை ஈடுசெய்ய, அதன் இறக்கையைச் சற்றே பின்னோக்கிச் சாய்த்தார்கள். அதனால் என்ஜின்களும் லேசாக வெளிப்புறம் பார்க்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்தச் சாய்வு, எழுத்துகள் எதுவும் தெரியாதபோதும், எம்பயரையும் சண்டர்லாந்தையும் பிரித்துக் காட்டிவிடும்.

சண்டர்லாந்தின் மூக்கு சிறிது உள்வாங்கி, அங்கே ஒருவர் இடுப்புவரை எழுந்து கொக்கிக் கம்போடு நிற்பதைக் கண்டால் அதை வேறு விமானம் என்று எண்ண வேண்டாம். நங்கூர மிதவையில் கட்டுவதற்காக மூக்குக் கூண்டைப் பின்னுக்குத் தள்ளும் வசதி அதில் இருந்தது. முதுகில் செங்குத்தான கம்பங்கள் வரிசையாக நட்டுவைத்ததுபோல் தெரிந்தால் அவை கடற்பரப்பில் கப்பல்களைத் தேடும் தொடக்ககால ராடாரின் ஆன்டெனாக்கள். போர் முதிர்ந்தபோது அவை மறைந்து, இறக்கைகளின் வெளிப்பகுதிக்கு அடியில் இரு குமிழ்கள் வந்தன. போருக்குப் பின் துப்பாக்கிக் கூண்டுகளை அகற்றி மூக்கையும் வாலையும் மூடிப் பயணிகள் விமானமாக மாற்றப்பட்ட சண்டர்லாந்துகளுக்குச் சாண்ட்ரிங்ஹாம் என்று பெயர். பயணிகள் ஜன்னல்கள் கொண்ட, ஷார்ட் குடும்பச் சாயலுள்ள ஒரு விமானத்தைக் கண்டவுடன் எம்பயர் என்று எழுதிவிடாமல், அது சாண்ட்ரிங்ஹாமாகவோ சோலண்டாகவோ இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவ்வாறெனில் படம் போருக்குப் பிந்தையது.

வாலை எண்ணுவது எளிய வேலை, பலன் பெரியது. மூன்று வால்கள், நான்கு என்ஜின்கள், குட்டை இறக்கைகள் என்றால் அது போயிங் 314. ஆனால் 1938 ஜூனில் அது முதன்முதலாகப் பறந்தபோது ஒற்றை வாலோடுதான் இருந்தது. திசைதிருப்பும் ஆற்றல் போதவில்லை என்று கண்டு முதலில் இரண்டாக்கி, இறுதியில் மூன்றாக்கினார்கள். ஒற்றை வாலுள்ள போயிங் 314 படம் கையில் கிடைத்தால், அது சோதனைப் பறப்புகளின் முதல் நாட்களைச் சேர்ந்த அரிய படம்.

என்ஜின்கள் எண்ணிக்கையைத் தாண்டிப் போகும்போது

ஆறு தூண்களின்மேல் ஆறு கூடுகள், ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு புரொப்பெல்லர், பின்னால் ஒரு புரொப்பெல்லர் என மொத்தம் பன்னிரண்டு என்ஜின்களைக் கண்டால் அது டோர்னியர் எக்ஸ். சுவிட்சர்லாந்தின் ஆல்ட்டன்ரைன் ஊரில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் அது கட்டப்பட்டது. 1929 ஜூலை 12-இல் பறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 21-இல் 169 பேரை ஏற்றிக்கொண்டு எழும்பியது, அவர்களில் ஒன்பது பேர் யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொண்டவர்கள். இதன் படங்களைக் காலப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. முதலில் காற்றால் குளிரும் என்ஜின்கள் இருந்தன. அவற்றின் கூடுகளை ஒரு துணை இறக்கை குறுக்காக இணைத்தது. 1930-இல் அமெரிக்காவின் கர்ட்டிஸ் நிறுவனத்தின் நீரால் குளிரும் என்ஜின்களைப் பொருத்தியபோது அந்தத் துணை இறக்கையை நீக்கினார்கள். அது 1931 ஆகஸ்டில் நியூயார்க்கை அடைந்தது. அங்கே எடுத்த படங்களில் கூடுகள் தனித்தனியாக நிற்பதைக் காணலாம். அதன் உடலில் எழுதியிருந்த பதிவு ‘டி-1929’. அதைப் படம் எடுத்த ஆண்டு என்று எண்ணிக்கொள்வோர் இருக்கிறார்கள். அது பதிவெண் மட்டுமே, ஆண்டோடு ஒத்துப்போனது தற்செயல்.

ஒரு விமானத்தின் முதுகில் இன்னொரு விமானம் ஏறி அமர்ந்திருக்கும் படத்தைக் கண்டு யாரோ இரு நெகடிவ்களை ஒட்டிவிட்டார்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஷார்ட்-மேயோ என்ற அந்த இணைப்பில் கீழே இருந்தது மாயா என்னும் பறக்கும் படகு, மேலே இருந்தது மெர்க்குரி என்னும் மிதவை விமானம். நிறைய எரிபொருளோடு தானாக எழும்ப முடியாத மெர்க்குரியை மாயா தூக்கிச்சென்று வானில் விட்டுவிடும். 1938 பிப்ரவரி 6-இல் அவை முதன்முதலாக வானில் பிரிந்தன. அதே ஆண்டு ஜூலையில் மெர்க்குரி அட்லாண்டிக்கைக் கடந்து மான்ட்ரியலை அடைந்தது. இதேபோல, ஒரு நீண்ட உடலின்மேல் மூன்று தொகுதிகளாக ஒன்பது இறக்கைகள் அடுக்கியிருப்பதைக் கண்டால் அது வீடுகட்டும் சாரம் அல்ல. இத்தாலியரான ஜியான்னி காப்ரோனியின் சிஏ.60. 1921 மார்ச் மாதம் மஜ்ஜோரே ஏரியில் எழும்பிச் சில நொடிகளில் விழுந்து உடைந்தது. எட்டு என்ஜின்களும் 97.5 மீட்டர் இறக்கையும் கொண்ட ஹியூஸ் எச்-4, 1947 நவம்பர் 2-இல் ஒரே ஒருமுறைதான் பறந்தது. ஆகவே அது வானில் இருக்கும் எந்தப் படமும் கலிபோர்னியாவில் அந்த ஒரு நாளில் எடுத்ததே.

சின்னங்களும் எழுத்துகளும்

வடிவத்தைக் கொண்டு வகையைத் தீர்மானித்த பிறகே சின்னங்களுக்குப் போக வேண்டும். ஏனெனில் ஒரு நாட்டின் சின்னம் இன்னொரு நாட்டில் கட்டிய விமானத்தில் இருப்பது மிகவும் இயல்பு. அமெரிக்காவில் கட்டிய கேட்டலினாவைப் பிரித்தானியர், கனடியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என எல்லோரும் பயன்படுத்தினார்கள். போயிங் 314 விமானங்களில் மூன்று பிரித்தானியரிடம் சென்று ‘ஜி’ எழுத்தைச் சுமந்தன.

அமெரிக்கச் சின்னம் காலத்தைச் சொல்வதில் மிகவும் துல்லியமானது. நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்பு வட்டத்தை 1942 மே மாதம் நீக்கினார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் நேரக் கூடாது என்பதே காரணம். 1943 ஜூன் இறுதியில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெண்பட்டைகளும் சுற்றிலும் சிவப்பு விளிம்பும் வந்தன. சில மாதங்களிலேயே அந்த விளிம்பு நீலமானது. 1947 ஜனவரியில் வெண்பட்டைகளுக்குள் ஒரு சிவப்புக் கோடு சேர்ந்தது. என்னிடம் ஒருமுறை வந்த கேட்டலினா படத்தின் பின்புறம் 1941 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நட்சத்திரத்துக்கு இருபுறமும் பட்டைகள் இருந்ததை நான் கவனிக்காமல், அந்த ஆண்டை அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டேன். பின்னர் அதைத் திருத்தியபோது, பின்பக்கத்தைக் கடைசியில் பார்க்கும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது.

பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னத்திலும் இதே காரணத்தால், இந்தியா, இலங்கை, பர்மா பகுதிகளில் சிவப்பு நடுவட்டம் நீங்கியது. வெளியே கரும்நீலமும் உள்ளே வெளிர்நீலமும் கொண்ட சிறிய வட்டம் போரின் பிற்பாதியில் பரவலானது. உங்கள் கையில் உள்ள படத்தில் அத்தகைய இருநீல வட்டம் இருந்தால், அது நம் பகுதியில் எடுத்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் கறுப்பு-வெள்ளைப் படத்தில் நிறத்தைப் படிப்பது எச்சரிக்கையோடு செய்ய வேண்டிய வேலை. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பொளியை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும், மஞ்சள் இருண்டும், நீலம் வெளிறியும் பதிவாகும். பின்னர் பரவிய பான்குரோமேட்டிக் ஃபிலிமில் இவற்றின் சாயல் மாறும். ஆகவே ஒரு வட்டம் ‘கறுப்பாக இருக்கிறது’ என்பதை மட்டும் கொண்டு அது சிவப்பா நீலமா என்று சொல்லிவிட முடியாது. நிறம் ஐயமின்றித் தெரிந்த வேறு ஏதேனும் பொருள் அதே படத்தில் இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பயணிகள் விமானமாக இருந்தால் பதிவெழுத்துகள் உதவும். ‘ஜி’ பிரித்தானியா, ‘விடி’ இந்தியா, ‘விஎச்’ ஆஸ்திரேலியா, ‘என்சி’ அமெரிக்கா, ‘ஐ’ இத்தாலி. எம்பயர் வகையின் முதல் விமானமான கனோபஸ் ‘ஜி-ஏடிஎச்எல்’ என்று எழுதியிருந்தது. 1935 நவம்பரில் பசிபிக்கைக் கடந்த முதல் அஞ்சலைச் சுமந்த சைனா கிளிப்பர் ‘என்சி14716’. முழு எழுத்துத் தொடரும் தெளிவாகக் கிடைத்துவிட்டால் விமானத்தின் வரலாறு முழுவதையும் பதிவேடுகளில் தேடிவிடலாம். பாதி மட்டும் தெரிந்தால், தெரியாத எழுத்தின் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பின்னணியை எப்போது கேட்க வேண்டும்

கரையில் தென்னை மரம் இருப்பதால் இது இலங்கை என்று சொல்வது சான்று ஆகாது. ஆனால் விமானத்தின் வகையும் சின்னமும் ஏற்கனவே ஓர் இடத்தைச் சுட்டும்போது, பின்னணி அதை உறுதிப்படுத்தலாம் அல்லது மறுக்கலாம். கொக்கல வாவிப் படங்களில் சிறு தீவுகளும் தென்னந்தோப்பும் தெரியும். புழல் ஏரிப் படங்களில் தாழ்ந்த நீண்ட ஏரிக்கரையும் அகன்ற வெற்று நீர்ப்பரப்பும் தெரியும்.

நம் பகுதிக்கு உரிய சில தெரிந்த செய்திகளை மனதில் வைத்திருந்தால் இந்த ஒப்பீடு எளிதாகும். பிரித்தானிய விமானப்படையின் 240-வது பிரிவு 1942 முதல் புழல் ஏரியிலிருந்து கேட்டலினாக்களை இயக்கியது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து (இன்றைய இந்தோனேசியா) தப்பிவந்த கேட்டலினாக்களைக் கொண்டு 321-வது டச்சுப் பிரிவு சீனக்குடாவில் உருவானது. கொக்கலவிலிருந்து 1942 ஏப்ரல் 4-இல் புறப்பட்ட கனடிய விமானி லெனர்ட் பர்ச்சலின் கேட்டலினாதான், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டு வானொலியில் எச்சரித்தது. அதன் எண் ஏஜே155. அவரும் குழுவினரும் அன்றே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள், உயிர் பிழைத்தோர் சிறைப்பட்டார்கள், மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது.

கொக்கலவுக்கே உரிய இன்னொரு தொகுதி படங்கள் உண்டு. 1943 நடுப்பகுதி முதல் 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினாக்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் கொக்கலவுக்கும் இடையே இடைநிற்காமல் 271 முறை பறந்தது. பயணம் 27 முதல் 33 மணி நேரம்வரை நீண்டது. பயணிகள் வழியில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். எரிபொருளின் எடை காரணமாக மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. அந்த விமானங்களுக்கு ஆல்ட்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களைச் சூட்டினார்கள். போர் முடிந்ததும் ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்பதால், கொக்கலவில் எடுத்த ஒரு கேட்டலினா படத்தில் குடிமக்கள் விமானத்துக்குரிய பதிவெழுத்துகள் தெரிந்தால், அந்தப் படத்தை உறையிலிட்டுப் பாதுகாப்பதோடு நில்லாமல் நல்ல நகலை ஓர் ஆவணக்காப்பகத்துக்கும் அனுப்புங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நேரில் காணக்கூடிய விமானங்களும் உண்டு. லண்டனின் ஹெண்டன் அருங்காட்சியகத்திலும் டக்ஸ்ஃபோர்டிலும் சண்டர்லாந்து இருக்கிறது. சௌத்தாம்ப்டனில் சாண்ட்ரிங்ஹாம், ஆக்லாந்தில் சோலண்ட், ஜப்பானின் கனோயாவில் எஞ்சிய ஒரே கவானிஷி எச்8கே, அமெரிக்காவின் ஓரிகனில் ஹியூஸ் எச்-4 ஆகியவற்றைக் காணலாம். போயிங் 314 ஒன்றும் மிஞ்சாததால், அயர்லாந்தின் ஃபோய்ன்ஸ் ஊரில் அதன் முழு அளவு மாதிரியைக் கட்டி வைத்திருக்கிறார்கள்; உள்ளே நின்று பார்த்தால் ஜன்னல்களின் உயரமும் படிக்கட்டின் இடமும் படங்களைப் படிக்கப் பெரிதும் உதவும்.

முடிவை எழுதும் முறை

இத்தனையும் முடிந்த பிறகே பின்பக்கத்தைத் திறந்து படியுங்கள். அதில் உள்ளதை, தவறாகத் தோன்றினாலும், எழுத்துப்பிழையோடு அப்படியே படியெடுங்கள். பிறகு உங்கள் முடிவைத் தனியாக எழுதுங்கள். படத்தின் மேல் பேனாவால் எதையும் எழுதக் கூடாது. மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் ஒரு எண் மட்டும் இட்டு, விவரங்களை வேறு தாளில் வைத்திருங்கள். உறுதியானது, பெரும்பாலும் சரியானது, தெரியாதது என்ற மூன்றையும் கலக்காமல் எழுதினால், பின்னால் வருபவர் நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடர முடியும்.

எடுத்துக்காட்டாக, இப்படி ஒரு படம் கையில் இருப்பதாகக் கொள்வோம். நீரில் மிதக்கும் விமானம்; உடலே படகு; தூணின்மேல் உயர்த்திய இறக்கை; இரண்டு என்ஜின்கள்; பின்பாதியில் கண்ணாடிக் கொப்புளம்; விலாவில் சக்கரப் பள்ளம் இல்லை; மூக்கருகே சிறிய இருநிற வட்டம்; எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் தெரிகின்றன; பின்னால் நீண்ட தாழ்ந்த கரை. பின்புறத்தில் ‘ரெட்ஹில்ஸ், சண்டர்லாந்து’ என்று எழுதியிருக்கிறது. இதற்கு நான் எழுதும் குறிப்பு இவ்வாறு அமையும்: ‘கேட்டலினா, சக்கரமற்ற வகை, பிரித்தானிய விமானப்படை, இது உறுதி. இருநீல வட்டத்தைக் கொண்டு பார்த்தால் போரின் பிற்பாதி, பெரும்பாலும் சரி. இடம் புழல் ஏரியாக இருக்கலாம். கரையின் தோற்றம் மறுக்கவில்லை, பின்பக்கக் குறிப்பும் அதையே சொல்கிறது. பின்பக்கத்தில் உள்ள விமானத்தின் பெயர் தவறு. எண் எஃப்பி . . .; மீதி தெரியவில்லை.’